போன் சாகவில்லை, ஃபைல்தான் இல்லை

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய போனை நீட்டினால் முதலில் வரும் கேள்வி, "தண்ணியில விழுந்துச்சா?" இல்லை என்றால் அடுத்தது, "லோகோவிலேயே நிக்குதா?" அதற்கு ஆமாம் என்று தலையாட்டினால் கடைக்காரர் முகத்தில் ஒரு தெளிவு வரும். போர்டு போகவில்லை, சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும், கொஞ்ச நேரம் கழித்து வாங்க என்று சொல்லிவிடுவார்.

இந்த "சாஃப்ட்வேர் போடுவது" ஏதோ பெரிய மந்திரம் மாதிரி பலருக்கும் தோன்றும். உண்மையில் கம்ப்யூட்டர், யூஎஸ்பி கேபிள், அந்த மாடலுக்கான ஃபர்ம்வேர் ஃபைல், அதை போனுக்குள் எழுதும் ஒரு நிரல், அவ்வளவுதான் சரக்கு. இதில் மூன்று எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஃபைல் மட்டும் போனைத் தயாரித்த கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நல்ல டிஸ்ப்ளே, நல்ல பேட்டரி, நல்ல கேமராவோடு ஒரு போன் செங்கல் மாதிரி மேஜை டிராயரில் கிடப்பதற்கு, சில சமயம் ஒரு ஜிபிகூட வராத ஒரு ஃபைல் கிடைக்காததுதான் காரணம்.

இது எவ்வளவு அபத்தம் என்று புரிய, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு போன்களின் கதையைப் பார்த்தால் போதும்.

2013 ஆகஸ்டில் எல்ஜி கம்பெனி ஜி2 என்ற போனை அறிமுகப்படுத்தியது. ஸ்னாப்டிராகன் 800 சிப், 2 ஜிபி ரேம், 5.2 அங்குலத் திரை, பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் முதுகில். (காதில் வைத்துப் பேசும்போது ஆள்காட்டி விரல் தானாக அங்கே போகும். நல்ல யோசனை, பெரிதாகப் பரவவில்லை.) அந்த வருடக் கடைசியில் கூகுள் நெக்சஸ் 5 வந்தது. பெயர் கூகுளுடையது, செய்தது அதே எல்ஜி. அதே ஸ்னாப்டிராகன் 800, அதே 2 ஜிபி ரேம். ஜி2வை வைத்துக்கொண்டு கொஞ்சம் மாற்றிச் செய்த போன் என்றே சொல்லலாம். இந்தியாவில் நெக்சஸ் 5 விலை 28,999 ரூபாயில் ஆரம்பித்தது. ஜி2 விலை 40 ஆயிரத்தைத் தாண்டியது.

இப்போது இரண்டும் லோகோவில் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

நெக்சஸ் 5 வைத்திருப்பவர் வால்யூம் டவுன் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பார். படுத்துக் கிடக்கும் பச்சை ஆண்ட்ராய்டு பொம்மை திரையில் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட். அந்த மாடலுக்கு ஹேமர்ஹெட் என்று செல்லப் பெயர் வைத்து, 2013ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4ல் ஆரம்பித்து 2016ல் வந்த கடைசி 6.0.1 வரை ஃபேக்டரி இமேஜ்களை கூகுள் தன் டெவலப்பர் தளத்தில் வரிசையாகப் போட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கலாம். லாகின் வேண்டாம், ஐஎம்இஐ நம்பர் வேண்டாம், பில் வேண்டாம். ஒவ்வொரு ஃபைலுக்குப் பக்கத்திலும் அதன் செக்சம், அதாவது இறக்கியது அசல்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் எண் கோவை. பூட்லோடரைத் திறந்துவிட்டு (திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், ரீஸ்டோர் என்றாலே அதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும்) ஜிப்புக்குள் இருக்கும் ஃப்ளாஷ்-ஆல் ஸ்கிரிப்டை ஓட்டினால் பூட்லோடர், ரேடியோ, சிஸ்டம் என்று ஒவ்வொன்றாக எழுதப்படும். சில நிமிஷ வேலை. முதல் பூட் மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும். பயந்து பேட்டரியைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கவும் முடியாது.

ஜி2 வைத்திருப்பவர் கதை வேறு. போனை அணைத்துவிட்டு வால்யூம் அப் பட்டனைப் பிடித்தபடி யூஎஸ்பி கேபிளைச் செருகினால் டவுன்லோட் மோட் வரும். அதுவரை சுலபம். எல்ஜியின் ஃபர்ம்வேர் கேடிஇசட் என்ற பெயரில் ஒரே பொட்டலமாக வரும். அந்தப் பொட்டலங்களை எல்ஜி பட்டியல் போட்டு வெளியே வைக்கவில்லை. அதன் கணினி நிரல் போன் விவரத்தை எல்ஜி சர்வருக்கு அனுப்பும், சர்வர் பார்த்து ஃபைலைக் கொடுக்கும். சர்வர் இருக்கும் வரை எல்லாம் சரி.

2021 ஏப்ரல் 5 அன்று எல்ஜி மொபைல் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2015ன் இரண்டாம் காலாண்டிலிருந்து தொடர்ந்து நஷ்டம், மொத்தம் சுமார் 5 லட்சம் கோடி வொன். அந்த நிலையில் கடையை மூடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் எல்ஜி ஓரளவு கண்ணியமாகவே நடந்துகொண்டது. விலகிய பிறகும் 4 வருடம் அப்டேட் சர்வரை ஓட்டியது. பிறகு தேதி குறித்தது. 2025 ஜூன் 30 அன்று போன்களுக்கான மென்பொருள் அப்டேட் சேவை நிறுத்தப்படும், வேண்டியதை அதற்குள் செய்துகொள்ளுங்கள் என்றது.

ஆக, 40 ஆயிரத்துக்கு மேல் கொடுத்தவருக்கு ஃபைல் இல்லை. 29 ஆயிரம் கொடுத்தவருக்கு இருந்தது. செய்தது ஒரே கம்பெனி, உள்ளே ஒரே சிப்.

இந்த இடத்தில் "அதான் நெட்டில் கிடைக்குதே" என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கிறதுதான், எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். ஜி2 என்பது ஒரே போன் இல்லை. டி802 சர்வதேச மாடல், டி800 அமெரிக்காவின் ஏடி அண்ட் டிக்கு, டி801 டி-மொபைலுக்கு, டி803 கனடாவுக்கு, எஃப்320 கொரியாவுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் எழுதினால் சிக்னல் போகலாம், டச் போகலாம், போனே போகலாம். அப்படிப் போன ஜி2க்களைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு பயங்கரக் காட்சி வரும். போனின் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனித்தனி டிரைவாக வரிசையாகத் திறக்கும், ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். பதற்றத்தில் "சரி" அழுத்தியவர்கள் எத்தனை பேரோ, பாவம்.

அதுவும் ஃபைல் சரியானதாக இருந்தால். முகம் தெரியாத யாரோ ஏற்றி வைத்த ஃபைல், பெயரில் மட்டும் டி802 என்று இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதோ. ஒப்பிட்டுப் பார்க்க கம்பெனி கொடுத்த செக்சம் கிடையாது. இறக்கும் முன் 5 விளம்பரம், 60 விநாடி காத்திருப்பு, அதோடு வந்து சேரும் வைரஸ். போனைக் காப்பாற்றப் போய் கம்ப்யூட்டரைப் பறிகொடுக்கிற வழி அது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஃபைலை மூடி வைக்கிற கம்பெனிகள், மக்களைத் தள்ளிவிடுவது இந்தச் சந்துக்குள்தான்.

பாதுகாப்பு என்ற வாதத்தை இலேசாகத் தள்ளிவிடவும் கூடாது. திருட்டு போனை ரீஸ்டோர் செய்து விற்றுவிடுவார்கள் என்பது நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 5.1லேயே பூட்டு போட்டாகிவிட்டது. சரியாக அழிக்காமல் ரீசெட் செய்த போன், பழைய கூகுள் அக்கவுன்ட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அசல் ஃபர்ம்வேரைத் திரும்பப் போட்டால் அந்தப் பூட்டும் கூடவே திரும்பி வரும், போகாது. மாற்றப்பட்ட ஃபைலைப் போட்டுவிடுவார்களே என்றால், பூட்லோடர் பூட்டியிருக்கிற வரை கம்பெனியின் கையெழுத்து இல்லாத ஃபைலை ஒழுங்காக வடிவமைத்த போன் ஏற்கவே ஏற்காது. பூட்டையும் சாவியையும் சரியாகச் செய்த பிறகு, அசல் ஃபைலை ஒளித்து வைத்து யாரைப் பாதுகாக்கிறார்கள்?

அடுத்த வாதம் சிப் கம்பெனிகளின் உரிமம். போனுக்குள் இருக்கும் மென்பொருள் முழுவதும் போன் கம்பெனியுடையது இல்லை. கிராஃபிக்ஸ், மோடம் இதற்கெல்லாம் சிப் கம்பெனி கொடுத்த மூடிய பொட்டலங்கள் உள்ளே இருக்கின்றன. அதை ஊருக்கெல்லாம் கொடுக்க போன் கம்பெனிக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். இது கற்பனைக் காரணம் இல்லை. 2013 ஆகஸ்டில் கூகுளுக்குள்ளேயே இது வெடித்தது. அந்த வருட நெக்சஸ் 7 டேப்லட் விற்பனைக்கு வந்துவிட்டது, அதன் ஃபேக்டரி இமேஜ் வரவில்லை. ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஜான் பாப்டிஸ்ட் கெரு வெறுத்துப்போய்ப் பொறுப்பிலிருந்து விலகினார். தன் முதன்மைச் சாதனத்திலேயே ஹோம் ஸ்கிரீன் வரை போக முடியாத ஓ.எஸ்ஸுக்குப் பராமரிப்பாளராக இருந்து என்ன பயன் என்பது அவர் ஆதங்கம். விஷயம் நாறியது. பிறகு நெக்சஸ் 7 ஃபைல்கள் வெளிவந்தன. சில மாதம் கழித்து வந்த நெக்சஸ் 5க்கும் கிடைத்தன. ஆக, கொடுக்க மனசிருந்தால் உரிமத்தைப் பேசி வாங்க முடிகிறது. அதே ஸ்னாப்டிராகன் 800க்கு ஒரு வீட்டில் முடிந்தது, அடுத்த வீட்டில் எப்படி முடியாமல் போகும்?

ஆப்பிள் பாணி இன்னொரு ரகம். ரீஸ்டோர் ஃபைல் கிடைப்பதில் அங்கே பெரிய சிக்கல் இல்லை, ஐட்யூன்ஸே இறக்கிக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு முறை ரீஸ்டோர் செய்யும்போதும் ஆப்பிள் சர்வர் அந்தப் போனுக்கு அந்த வெர்ஷன் போகலாம் என்று கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் 3194 என்று ஒரு எரர். கையெழுத்து பெரும்பாலும் கடைசி வெர்ஷனுக்கு மட்டும். பழைய வெர்ஷனில்தான் போன் வேகமாக ஓடியது என்று திரும்பிப் போக நினைத்தால் முடியாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012ல் வந்த ஐபோன் 5க்கு, ஜிபிஎஸ் தேதிக் கணக்கு சுழற்சியால் வந்த கோளாறைச் சரிசெய்ய 2019 ஜூலையில் 10.3.4 என்று ஒரு வெர்ஷன் கொடுத்தார்கள். நவம்பர் 3க்குள் போட்டுக்கொள்ளுங்கள், தவறினால் போனிலிருந்தபடியே அப்டேட் செய்ய முடியாது, கம்ப்யூட்டரில் செருகி ரீஸ்டோர் செய்ய வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்கள். 7 வருடப் பழைய போனுக்கு கேபிள் வழி என்ற கடைசிக் கதவைத் திறந்து வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கதவுக்கும் சாவி அவர்களிடமே. அவர்கள் கையெழுத்து போடுவதை நிறுத்துகிற நாளில் ஃபைல் கையில் இருந்தும் பயனில்லை.

கூகுளைப் புகழ்ந்தாகிவிட்டதால் அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13 அப்டேட் பிக்சல் 6 வரிசையில் பழைய ஆண்ட்ராய்டு 12க்குத் திரும்பும் வழியை அடைத்தது. பூட்லோடரில் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்காக என்றார்கள், சரி. ஆனால் 2025 ஜனவரியில் நடந்ததற்கு என்ன சொல்வது? பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாகவே ஒரு அப்டேட் வந்து இறங்கியது. பேட்டரியை நிலைப்படுத்த என்றார்கள். பல போன்களில் அதற்குப் பிறகு பேட்டரி பாதி நாள்கூட நிற்கவில்லை. சரி, பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாம் என்று போனால் அந்தப் பழைய இமேஜ்களைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். பேட்டரி சூடாகும் அபாயம் இருந்தால் திரும்பவிடாமல் தடுப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. நெக்சஸ் 5க்கு அன்று கிடைத்தது கூகுளின் தயவு, வாங்கியவரின் உரிமை இல்லை. தயவு எப்போது வேண்டுமானாலும் வாபஸ் ஆகும்.

எல்லாக் கம்பெனியும் ஃபர்ம்வேரை ஒரு "சேவை" என்ற கணக்கில் எழுதுகிறது. சேவையென்றால் நிறுத்தலாம், தேதி போட்டு மூடலாம், நஷ்டம் என்று சொல்லலாம். அது சேவை இல்லை, உதிரி பாகம். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு மாதிரி அதுவும் ஒரு பாகம், அது இல்லாமல் போன் ஓடாது. அதிலும் விசித்திரமான உதிரி பாகம். ஜி2வுக்கு ஒரு டிஸ்ப்ளே வேண்டுமென்றால் யாராவது உற்பத்தி செய்ய வேண்டும், குடோனில் அடுக்க வேண்டும், விற்காமல் கிடந்தால் சரக்கு மதிப்பைக் குறைத்து நஷ்டம் எழுத வேண்டும். பத்து வருடத்துக்கு அதை எதிர்பார்ப்பது கம்பெனிக்கு அநியாயம், ஒப்புக்கொள்ளலாம். ஃபர்ம்வேருக்கு இதில் எதுவும் கிடையாது. ஒருமுறை செய்தாகிவிட்டது, அந்தச் செலவு போனின் விலையிலேயே வசூலாகிவிட்டது. தேயாது, துருப்பிடிக்காது. இன்னொரு பிரதி எடுக்க ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். காஸ்ட் அக்கவுன்டிங் முதல் பாடம் படித்தவர்களுக்கே தெரியும், இப்படிப்பட்ட ஒரு பொருளை "கட்டுப்படியாகவில்லை" என்று நிறுத்துவது கணக்கில் உட்காராது.

கட்டுப்படியாகாதது ஃபைல் இல்லை, அதைச் சுற்றிக் கட்டிய சர்வர். ஐஎம்இஐ சரிபார்ப்பு, டேட்டாபேஸ், அதைப் பார்த்துக்கொள்ள ஆள், இதற்கெல்லாம்தான் மாதாமாதம் பணம். அதை மூடட்டும், யாரும் தடுக்கவில்லை. மூடுவதற்கு முன் எல்லா மாடலின் கடைசி ஃபர்ம்வேரையும், அதன் செக்சத்தையும், எழுதுகிற நிரலையும் ஒரு சாதாரணப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போகலாம். அதற்கும் முடியாது என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் மாதிரி ஓர் இடத்தில், பிரதி எடுக்க அனுமதி என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த ஒரு வரிக்கு ஆகும் செலவு என்ன?

சட்டம் மெதுவாக நகர்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் புது விதி அமலுக்கு வந்தது. அங்கே விற்கும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருடத்துக்கு ஓ.எஸ். அப்டேட் விஷயத்தில் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு, உதிரி பாகங்களுக்கும் காலக்கெடு உண்டு. (எல்ஜி சர்வர் மூடிய அதே மாதம், தற்செயல்தான்.) இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு தளம் ஆரம்பித்தது. மொபைல், கார், விவசாயக் கருவி, வீட்டுச் சாதனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. நல்ல ஆரம்பம். ஆனால் உதிரி பாகம் என்று பேசும்போது எல்லார் மனசிலும் வருவது கையில் பிடிக்கிற பொருள்தான். ஃபர்ம்வேரும் அந்தப் பட்டியலில் ஒரு வரி, கம்பெனி மூடினாலும் அந்த வரிக்குப் பொறுப்பு மூடாது என்று எழுதினால்தான் உபயோகம்.

அவ்வளவு பழைய போனை மீட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி வரும். அதில் பேங்க் ஆப் வைத்துப் பணம் அனுப்பக் கூடாதுதான். ஆண்ட்ராய்டு 5க்கு பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் ஜி2வில் இன்ஃப்ராரெட் இருக்கிறது, டிவிக்கும் ஏசிக்கும் ரிமோட் ஆகும். பாட்டு கேட்கலாம். தாத்தாவுக்கு எஃப்எம் ரேடியோ ஆகும். வீட்டில் ஒருத்தர் வாங்கிய போன் மூன்று கை மாறி கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கைக்குப் போவது இங்கே எத்தனை வீட்டில் நடக்கிறது. அந்த மூன்றாவது கை கம்பெனியின் கணக்கில் வாடிக்கையாளரே இல்லை. அதனால்தான் அவர்களுக்காக யாரும் சர்வரை ஓட்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். லோகோவில் நிற்கிற எல்லா போனும் ஃபர்ம்வேரால் பிழைக்காது. அதே எல்ஜியின் ஜி4 2015ல் வந்து, திரும்பத் திரும்பத் தானாக ரீஸ்டார்ட் ஆகி மானத்தை வாங்கியது. போர்டில் பாகங்களுக்கு இடையே இணைப்பு தளர்வாக இருப்பதுதான் காரணம் என்று 2016 ஜனவரியில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதற்கு எத்தனை முறை சாஃப்ட்வேர் போட்டாலும் வேஸ்ட். ஃபைல் பொதுவில் இருந்தால் இதையாவது வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அசல் ஃபைலை எழுதியும் எழவில்லையென்றால் போர்டுதான், கடைக்குப் போவதில் அர்த்தம் உண்டு.

இப்போதைக்கு இந்தப் பழைய ஃபைல்களுக்கு உண்மையான காப்பகம் ரிப்பேர் கடைகளின் ஹார்ட் டிஸ்க்தான். மாடல் பெயரில் ஃபோல்டர் போட்டு, வேலை செய்தது, செய்யாதது என்று அடையாளம் வைத்து, பத்து வருடமாக அழிக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் அது அனுமதி இல்லாத பிரதி. ஜி2வைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் மாடல் நம்பரைக் கேட்பார், டி802வா என்று முதுகைத் திருப்பிப் பார்ப்பார், "பழைய டிஸ்க்ல இருக்கான்னு பாக்கணும், நாளைக்கு வாங்க" என்பார்.